கும்பிடுபூச்சி வாங்க வந்தவர்

என்னிடம் கும்பிடுபூச்சி வாங்க வருகிறவர் முதலில் என்ன கேட்கிறார் என்று பார்ப்பேன். "இது என்ன தின்னும்?" என்று கேட்டால் வளர்க்கப் போகிறவர். "எவ்வளவு?" என்றால் யோசிக்க வேண்டிய ஆள். ஒன்றுமே கேட்காதவரை வாசல் படலையோடு திருப்பி அனுப்பிவிடுவேன். முன்பு அப்படி வாங்கிப் போன ஒருவர் அவற்றைக் களவாக விமானம் ஏற்றப் பார்த்துப் பிடிபட்டார். அதன்பிறகு படலையில் மோட்டார் சைக்கிள் நின்றாலே அதிகாரிதானோ என்று ஒளிந்து நின்று பார்ப்பேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்குப் பகலிலும் பேய்தான்.

கொடிகாமத்துக்கு உள்ளே, தென்னங்காணி நடுவே எங்கள் வீடு. நானும் தங்கையும்தான். முன்னறை முழுக்க வலைக்கூடுகள். பூவைப்போல இருப்பது, மரப்பட்டையைப்போல ஒட்டிக்கிடப்பது என்று பல வகை வைத்திருந்தாலும், எல்லோரும் தேடி வருவது வயலின் பூச்சியைத்தான். காய்ந்த சருகு மாதிரி உடம்பு, வயலின் வாத்தியத்துக்கு இருப்பதுபோல மெல்லிய நீளக் கழுத்து. அதற்குத் தீனியாக மீன் கழிவில் ஈ வளர்க்கிறேன். அந்த நாற்றத்தைச் சகித்துக்கொண்டுதான் தங்கை தினமும் சாவகச்சேரிக்கு வேலைக்குப் போய்வருகிறாள்.

அவளுக்கு வந்த மூன்று சம்பந்தங்களை நான் தட்டிக்கழித்துவிட்டேன். ஒருவர் அதிகம் சிரித்தார். ஒருவர் சிரிக்கவே இல்லை. மூன்றாமவரைப் பற்றி ஊரில் ஒருவரும் குறை சொல்லவில்லை, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அவளுக்கு முப்பத்தாறு வயதாகிவிட்டது.

"இனி வாறதையும் குழப்பினியளெண்டால் உங்களோடை கதைக்க மாட்டன், அண்ணை" என்று சொல்லி வைத்திருந்தாள். சொன்னால் செய்கிறவள்.

போன மாதம் ஒரு காலை, அவள் வேலைக்குப் போன பிறகு, மடிப்புக் குலையாத சட்டையோடு ஒருவர் வந்தார். வயலின் பூச்சி வேண்டுமாம். ஆணா பெண்ணா என்று கேட்கவில்லை. கூடுகளைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார்.

"அண்ணை, வீட்டிலை எத்தினை பேர்?"

எனக்குப் பொறி தட்டியது. அதிகாரி, இல்லாவிட்டால் களவுக்கு நோட்டம் பார்க்க வந்தவன். அவனிடம் வீட்டில் ஒரு பெண் இருப்பதை ஏன் சொல்ல வேண்டும்?

"நான் மட்டும்தான்."

"தங்கச்சி ஒராள் இருக்கிறா எண்டு கேள்விப்பட்டன்."

"அவ கலியாணம் கட்டிக் கனடா போயிட்டா."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி, ஒண்டு தாங்கோ" என்றார். ஆளைக் கெதியாக அனுப்பினால் போதும் என்று, சாகக் கிடந்த கிழட்டு ஆண் ஒன்றைப் பெட்டியில் போட்டுக் கொடுத்தேன்.

பின்னேரம் தங்கை வந்ததும் என் கெட்டித்தனத்தை ஒன்றும் விடாமல் சொன்னேன். அவள் தோளிலிருந்த பையைக்கூடக் கழற்றவில்லை.

"அவர் என்னோடை வேலை செய்யிறவர். என்னைக் கட்ட விருப்பமெண்டு கேட்டவர். முதல்லை அண்ணையோடை பழகுங்கோ, பூச்சி வாங்கிற மாதிரிப் போங்கோ எண்டு நான்தான் சொன்னனான்."

நாள் முழுக்க அவளோடு ஒரே கூரையின் கீழ் வேலை செய்கிற மனிதரிடம்தான் அவளைக் கனடாவுக்கு அனுப்பியிருக்கிறேன். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, இனி என்னோடு கதைக்கவே மாட்டாளோ என்று பயமாக இருந்தது.

அடுத்த நாளும் அவள் வாய் திறக்கவில்லை. விளக்கு வைக்கிற நேரம் போனை என் முன்னால் நீட்டினாள்.

"அண்ணை, இது ஒண்டும் தின்னுதில்லை" என்றது அவருடைய குரல். "எறும்பு, புழு எல்லாம் போட்டுப் பாத்திட்டன். இது என்ன தின்னும்?"

"பறக்கிறதைத்தான் தின்னும்" என்றேன். தங்கை என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஆனால் உது இனித் தின்னாது. கிழடு. தெரிஞ்சுதான் தந்தனான்."

போனை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

"வீட்டை வாங்கோ, நல்லதாத் தாறன். தங்கச்சியும் நிப்பா."

"எப்ப வர?" என்றார் உடனே.

ஏன் இவ்வளவு அவசரம் என்று உள்ளே ஒன்று தலை தூக்கியது. தங்கையின் முகத்தைப் பார்த்தேன்.

"இப்பவே வாங்கோ" என்றேன்.