காப்புக் கட்டிய ஊருக்கு மீன் போன கதை

காலை 5.10. பரங்கிப்பேட்டைக்குப் பக்கத்தில் அன்னங்கோயில் படகுத் துறை. இரண்டு மாத மீன்பிடித் தடை முடிந்து, கடலுக்குப் போன படகுகள் முதல் மீனோடு திரும்பியிருந்தன. கல்யாண வீட்டுப் பந்தி தோற்றுவிடும், அத்தனை நெரிசல். நான் பெரம்பலூர்க்காரன். எங்கள் ஊருக்கு எந்தக் கடலும் பக்கத்தில் இல்லை, ஆனால் மீன் இல்லாத ஞாயிற்றுக்கிழமையும் இல்லை. அந்த மீன் எப்படித்தான் வந்து சேருகிறது என்று பார்க்கும் ஆசையில் முந்தின நாளே பைக்கில் வந்து லாட்ஜில் தங்கியிருந்தேன். அஞ்சலை என்ற மீன்காரம்மா என்னைக் கூட வரச் சொல்லியிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். பன்னிரண்டு வருடமாக மொபெட்டில் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஆண்டிமடம் பக்கத்து ஊர் ஒன்றுக்குப் போகிறார். ஊர்ப் பெயரை எழுதக் கூடாதாம், போட்டிக்கு ஆள் வந்துவிடுமாம்.

அன்று அவர் வழக்கத்தைப் போல இரண்டு மடங்கு எடுத்தார். சங்கரா, மத்தி, கொஞ்சம் வஞ்சிரம். “இவ்வளவும் போகுமா?” என்று கேட்டேன். போனை நீட்டினார். முந்தின நாள் சாயங்காலம் அந்த ஊர் வாடிக்கைக்காரி ராசாத்தியிடமிருந்து பதினோரு மிஸ்டு கால்.

“ரெண்டு மாசமா வாய் செத்துக் கெடக்குதுங்க சார். மீனுக்குத்தான் இந்தப் பறப்பு.”

“திருப்பிக் கூப்பிடலையா?”

“எதுக்கு? நேரா போயி நின்னா ஆச்சு.”

கையில் இருந்த எல்லாவற்றையும் அந்தப் பெட்டியில் போட்டுவிட்டார். பெட்டி விற்றால்தான் நாளைக்குக் கைமுதல். மீன் நாறிப்போனால் திரும்ப ஏலத்தில் நிற்க வழியில்லை. அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

காலை 7.15. சிதம்பரம் தாண்டி காட்டுமன்னார்கோயிலில் டீ, பன்னிரண்டு ரூபாய். ஏட்டில் இல்லாத ஒரு பஞ்சாங்கத்தை அஞ்சலை அங்கேதான் எனக்குச் சொன்னார். தை, மாசியில் மீனுக்குக் குறைவில்லை. சித்திரையில் கடலுக்குத் தடை போட்டதும், மீன் விற்ற அதே ஊருக்கு முந்திரிக் கொட்டை பொறுக்கப் போய்விடுவார். ராசாத்தியின் தோப்பில்தான் வேலை. புரட்டாசியில் பாதித் தெரு பெருமாளுக்கு விரதம், கார்த்திகையில் மீதித் தெரு மாலை போட்டுவிடும். ஐப்பசி மழையில் படகே போகாது, அப்போது கருவாடு. கடலையும் சாமியையும் சேர்த்துப் பார்த்து ஒரு வருடத்தை ஓட்டுவது எனக்கெல்லாம் முடியாது. எனக்கு மாதம் என்றால் சம்பளத் தேதி மட்டும்தான்.

மீன்சுருட்டி, ஜெயங்கொண்டம், அங்கிருந்து ஆண்டிமடம் சாலை. மண் சிவக்கத் தொடங்கியதும் இரண்டு பக்கமும் முந்திரித் தோப்பு. மரங்கள் கிளையைத் தரையில் ஊன்றிப் படுத்திருந்தன. கிளம்பிய இடத்திலிருந்து தொண்ணூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வந்திருப்போம்.

காலை 9.05. ஊர் எல்லையில் அஞ்சலை சட்டென்று பிரேக் போட்டார். நான் இடிக்காமல் நின்றது ஆண்டவன் புண்ணியம். சாலைக்குக் குறுக்கே மஞ்சள் கயிற்றில் வேப்பிலைத் தோரணம் ஆடிக்கொண்டிருந்தது.

“காப்புக் கட்டிட்டாங்க சார்” என்றார். முகத்தில் ரத்தமே இல்லை.

மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால், விழா முடியும்வரை அந்த ஊரில் ஒரு வீட்டிலும் மீன், கறி கிடையாது. சட்டியில் மட்டுமல்ல, பேச்சிலும் கிடையாது. அஞ்சலை மொபெட்டை எல்லைக்கு வெளியே நிறுத்திவிட்டு மதகுக் கட்டையில் உட்கார்ந்துவிட்டார்.

மஞ்சள் புடவையில் ஓர் அம்மாள் வேகமாக வந்தார். ஐம்பது வயது, கை வீச்சிலேயே கோபம் தெரிந்தது. அவர்தான் ராசாத்தி.

“பதினோரு தடவ அடிச்சேன்டி! வராதடி, காப்புக் கட்டுறாங்கன்னு சொல்லத்தான் அடிச்சேன்.”

“மீனுக்கு அடிக்கிறேன்னு நெனச்சுட்டேன்க்கா.”

“நெனப்புதான் பொழப்பக் கெடுக்கும்” என்ற ராசாத்தி பெட்டியைப் பார்த்தார். “எம்புட்டு?”

அஞ்சலை சொன்னார். அதற்குள் ஏழெட்டுப் பெண்கள் கூடிவிட்டார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, பெட்டிக்கு அடியில் ஐஸ் தண்ணீர் சொட்டியது.

ராசாத்திதான் முதலில் வாயைத் திறந்தார். “ஏன்டி, காப்பு நம்ம எல்லையோட சரிதானே? எம்மவ ஜெயங்கொண்டத்துல இருக்கா. அவளுக்கு என்ன காப்பு?”

அவ்வளவுதான். எல்லோர் கையிலும் போன். வாக்கப்பட்டுப் போன பெண்கள், அவர்கள் நாத்தனார்கள், பக்கத்து வீட்டுக்காரிகள். ஒருவர் மகள் அரியலூரில், இன்னொருவர் மகள் எங்கள் பெரம்பலூரில். “எம் மருமவனுக்கு சங்கரான்னா உசுரு, ரெண்டு கிலோவா எழுதுங்க” என்று என்னைப் பார்த்துச் சொன்னார்கள். திருவிழா நோட்டீசின் பின்பக்கத்தில் நான் எழுதினேன். விரதம் இருக்கிற வாய்கள் மீனைப் பற்றி இத்தனை ருசியாகப் பேசி நான் கேட்டதில்லை. வஞ்சிரம் யார் மகளுக்கு என்று ராசாத்திக்கும் அவர் ஓரகத்திக்கும் சின்னச் சண்டையே நடந்தது. ஆனால் பெட்டியை ஒருவரும் தொடவில்லை. அஞ்சலைக்கு மட்டும் செம்பு நிறைய மோர் வந்தது.

காலை 10.20. ஜெயங்கொண்டத்தில் புது ஐஸ் போட்டோம். பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் பாத்திரத்தோடு ஆறு பேர் காத்திருந்தார்கள். சங்கரா கிலோ முந்நூற்று ஐம்பது, ஒருவர்கூடப் பேரம் பேசவில்லை. அம்மா சொல்லியிருக்கிறார்களாம். அரியலூர் போகும்போது பன்னிரண்டு ஆகிவிட்டது. சுண்ணாம்புக்கல் லாரிகளின் வெள்ளைப் புழுதி எங்கள் இருவர் தலையையும் நரைக்க வைத்திருந்தது. அங்கே பெட்டி முக்கால் காலி.

பகல் 1.25. பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு. கடைசி மத்தியை நான் வாங்கிக்கொண்டேன். அஞ்சலை பெட்டியைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டினார். எனக்கு வெட்கமாக இருந்தது. எங்கள் தெருவுக்கு வருடக் கணக்காக மீன் கொண்டுவருபவரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவர் வராத நாளில் சலித்துக்கொண்டிருக்கிறேன், என்ன ஆயிற்றோ என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

போன் அடித்தது. இந்த முறை முதல் மணியிலேயே எடுத்தார். கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார்.

“எல்லாம் போயிடுச்சா?” ராசாத்தியின் குரல்.

“போயிடுச்சுக்கா. செதில்கூட மிச்சமில்ல.”

“சரி, கேளு. மஞ்சத்தண்ணி முடிஞ்ச மறுநா எங்க வூட்டுல கெடாக்கறி. வந்துடு. பொட்டியக் கட்டிக்கிட்டு வந்துடாத. வெறுங்கைய வீசிக்கிட்டு வா, ராத்திரி தங்கிட்டுப் போவலாம்.”

“சரிக்கா” என்றார் அஞ்சலை. போனை வைத்த பிறகும் கவிழ்த்த பெட்டியின் மேலேயே உட்கார்ந்திருந்தார். சாப்பிட வீட்டுக்கு வாருங்கள் என்று நான் கூப்பிட்டது காதில் விழுந்ததா தெரியவில்லை.

“மீனுக்குப் போயிருக்கேன் சார், கொட்ட பொறுக்கப் போயிருக்கேன். ஒரு வேலையும் இல்லாம அந்த ஊருக்குள்ள ஒரு நாளும் போனதில்ல” என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார். “இப்ப நான் என்னன்னு கூவிக்கிட்டு நொழையுறது?”