கம்ஸிங்கை அள்ளப் போன வலை

நான் கதை விடுவதாக என் நாத்தனார் வான்தோங்கே ஊரெல்லாம் சொல்கிறாள். சொல்லட்டும். அன்றைக்கு வலையைப் பிடித்திருந்தது என் கை. எடை தெரிந்ததும் எனக்குத்தான்.

நாற்று நடும்போது என் வீட்டுக்காரர் கம்ஸிங் குத்தகை வயலிலேயே மடங்கி விழுந்தார். தாய்லாந்தின் வடகிழக்கில், எங்கள் ஈசான் மண்ணில் மழைக்காலத்தில் ஒரு கிருமி கிளம்பும். காலில் சின்னக் கீறல் இருந்தாலும் உள்ளே போய்விடும். அவருக்கு அது முதுகெலும்பில் போய் உட்கார்ந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் முதுகைத் திறந்து, சீழை வடித்து, அரித்த எலும்பைச் சுரண்டி எடுத்து, ஸ்க்ரூ போட்டார்கள்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. காய்ச்சலும் விட்டது. ஆனால் மனிதர் கண்ணைத் திறந்தபடியே கிடந்தார். பேச்சில்லை. சாப்பாடில்லை. டாக்டருக்கே புரியவில்லை. இப்படியே போய்ச் சேர்ந்துவிடுவாரோ என்று நாத்தனாரிடம் ஓடினேன்.

"உசுரு வயல்லயே நின்னுடுச்சுடி," என்றாள் வான்தோங். "அவன் சட்டைய மீன் வலையில போட்டு, விழுந்த எடத்துல அள்ளிட்டு வா. பேரச் சொல்லிக் கூப்பிடணும். நீதான் மறதி ஜென்மமாச்சே."

எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். பொழுது சாயும்போது போனேன். தூறல். தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. வயலில் காலை வைத்ததும்... நிறுத்திவிட்டன.

பயத்தில் பேர் வாயில் வரவில்லை.

"ஏங்க... வாங்க, வீட்டுக்குப் போவோம்," என்றேன்.

அள்ளினேன்.

சளக்...

கனத்தது.

உள்ளே சட்டை மட்டும்தான் இருந்தது.

ஓட்டமாக ஆஸ்பத்திரிக்கு வந்து, சட்டையை அவர் தலையணைக்கடியில் வைத்தேன். விடிந்ததும் பேசினார்.

"தண்ணி குடுங்கம்மா."

என்னைப் பார்த்து! கல்யாணமான நாளிலிருந்து அதட்டல் தவிர வேறு கேட்டதில்லை நான்.

அவர் கை மெல்ல முதுகுக்குப் போனது. தையலைத் தடவிப் பார்த்தார். அழுதார்.

"அப்பாடா... இந்தத் தடவையாவது ஆபரேஷன் பண்ணிட்டாங்க."

எது போன தடவை?

அவரை வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு வயல்காரரிடம் கேட்டேன். எங்களுக்கு முன்னால் அதை உழுதவன் ஸவாட். அவனுக்கும் இதே முதுகு நோய். ஆபரேஷனுக்குக் கிளம்பியவன், வண்டி வருவதற்குள் எங்கள் வயலிலேயே விழுந்து செத்திருக்கிறான்.

அப்படியானால் என் கம்ஸிங்? இன்னும் அங்கே மழையில் நிற்கிறாரா? எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மறுபடி போய், பேர் சொல்லி அள்ளிவிடலாம் என்று வலையைத் தேடினேன். காணவில்லை.

"அத எரிச்சிட்டேங்க," என்றார் கட்டிலில் உட்கார்ந்திருந்தவர், சிரித்தபடி. "இனிமே அதுக்கு அவசியம் இல்லீங்களே."