ஜெயக்கொடிக்கு வந்த 'ங்க'

கல்லூரி முடித்து ஊர் திரும்பிய வாரம், தெருமுனைக் குழாயடியில் ஜெயக்கொடியைப் பார்த்தேன். நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்தவர்.

"எப்படி இருக்கீங்க அக்கா?" என்றேன்.

அவர் குழாயை மூடாமல் என்னைப் பார்த்தார். குடம் நிறைந்து வழிந்தது.

"என்ன சொன்ன?"

"எப்படி இருக்கீங்கன்னு கேட்டேன்."

"அதுதான். அந்த 'ங்க' எப்ப இருந்து?"

"சும்மா, மரியாதைக்குத்தான்."

"உங்கப்பா ஏதாச்சும் சொல்லியுட்டாராக்கு?"

"இல்லைங்க அக்கா."

"பாரு, மறுக்காவும் போடற. ஊட்டப் பத்திக் கேக்கோணும்னா நேராக் கேட்டுப்போடு கண்ணு. நான் விக்கறதா இல்ல."

"உங்க வீட்டை நான் எதுக்குக் கேக்கறேன்?"

"மொதல்ல எல்லாரும் இப்படித்தான். அப்பறம் மெதுவா, 'ஏனுங்க, எத்தன சென்ட்டுங்க'ம்பாங்க."

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். எனக்குக் கோபம் வந்தது. மரியாதையாகப் பேசியதற்கு இப்படியா?

எங்கள் ஊரில் பஸ் கண்டக்டரிலிருந்து பால்காரர் வரை எல்லோருக்கும் 'ங்க' உண்டு. காற்றைப் போல அது இருப்பது தெரியாது. அது கிடைக்காத சிலரும் எப்போதும் இருந்தார்கள். ஜெயக்கொடி அவர்களில் ஒருவர். நான் எட்டு வயதில் அவர் வாசலில் நின்று, "ஜெயக்கொடி, அம்மா வரச் சொன்னாங்க" என்பேன். "வாரேனுங்க அம்மணி" என்பார் அவர். யாருக்கும் அது வேடிக்கையாகப் படவில்லை. பள்ளியில் ஆங்கில வகுப்பில் எதிரே நிற்பவர் யாராக இருந்தாலும் ஒரே சொல்தான். தமிழ் வகுப்பில் நீ, நீர், நீங்கள் என்று மூன்று இருந்தன. ஜெயக்கொடிக்கு எது என்று இரண்டு வகுப்பிலும் சொல்லித்தரவில்லை.

எங்கள் தெரு உக்கடம் பெரியகுளத்துக்குப் பின்புறம். அப்போது அதன் பெயர் சாக்கடைச் சந்து. மேட்டுப் பக்கம் சென்னிமலை என்பவரின் பெரிய வீடும், மோட்டார் பம்பு உதிரிபாகம் செய்யும் பட்டறையும் இருந்தன. அவர் காங்கேயத்திலிருந்து வந்து சம்பாதித்தவர். பள்ளத்தில், சாக்கடையை ஒட்டிக் கிடந்த மூன்று சென்ட்டை அவரே ஜெயக்கொடியின் கணவர் பிரகாசத்துக்கு விற்றார். பிரகாசம் வார்ப்படப் பட்டறையில் உருக்கு ஊற்றும் வேலை செய்தவர்.

"கொசுவுக்குப் பட்டா போட்டுக் குடுத்திருக்கறேன்" என்று சென்னிமலை டீக்கடையில் சொல்லிச் சிரிப்பாராம். பிரகாசமும் கூடவே சிரித்துவிட்டு, அந்த இடத்தில் ஓட்டு வீடு கட்டி, வாசல் நிலைக்கு மேல் மாதா படத்தை மாட்டினார். அவர் இறந்த பிறகு ஜெயக்கொடி நாலு வீட்டுப் பாத்திரம் தேய்த்து மகன் பிராங்கை வளர்த்தார்.

பிறகு குளத்துக்கரையில் நடைபாதையும் வண்ண விளக்குகளும் வந்தன. சாக்கடைக்கு மேல் கான்கிரீட் மூடி வந்தது. ஒருநாள் காலையில் தெருமுனையில் 'லேக் வியூ அவென்யூ' என்று பலகை நின்றது. மேட்டிலோ எல்லாம் இறங்கிக்கொண்டிருந்தது. பட்டறை மூடியது. சென்னிமலைக்குப் பிறகு பாகப்பிரிவினை நடந்தது. பெரிய வீட்டை மூத்தவர்கள் விற்க, அது பெண்கள் விடுதியானது. கடைசி மகன் தனபாலுக்கு மிஞ்சியது ஜெயக்கொடி வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி இடம் மட்டும். அதற்குப் பாதை கிடையாது. ஜெயக்கொடியின் மூன்று சென்ட் வழியாகத்தான் அது தெருவைத் தொட முடியும்.

இதெல்லாம் ஜெயக்கொடிக்கு அப்போது தெரியாது. அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: 'ங்க' வந்துவிட்டது.

முதலில் போட்டவர் தனபால். "ஏனுங்க, சௌக்கியமுங்களா?" என்று அவர் கேட்டதும் ஜெயக்கொடி திரும்பிப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தாராம். அடுத்து பால்காரர், மளிகைக்கடைக்காரர், விடுதி வாட்ச்மேன். ஒவ்வொரு 'ங்க'வும் வந்தபோது ஜெயக்கொடி கதவை இன்னும் கொஞ்சம் சாத்திக்கொண்டார். ரேஷன் அரிசி மூட்டையோடு நின்றவரை, "ஏறுங்கம்மா, கொண்டாந்து உடறனுங்க" என்று ஒரு ஆட்டோக்காரர் கூப்பிட்டபோது மாட்டேன் என்று நடந்தார்.

"அட, அவரு பெருந்துறைக்காரரு. அந்தப் பக்கம் எருமைக்கும் 'ங்க' போடுவாங்க. நீ ஏறுக்கா" என்றார் தெருமுனையில் பூ விற்கும் சாந்தாமணி.

"எருமைக்குப் போடறவன் எதுக்குப் போடறான்? பாலு கறக்கத்தான?" என்று சொல்லிவிட்டு மூட்டையைத் தலையில் மாற்றிக்கொண்டார் ஜெயக்கொடி.

சாந்தாமணி இதைச் சொல்லக் கேட்டபோது சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு நிற்கவில்லை என்றாலும் ஏதோ உறுத்தியது. நான் ஊர் திரும்பிய அன்று சாப்பிடும்போது அப்பா, "ஜெயக்கொடி இடத்தோட வெல இப்ப எங்கயோ போயிருச்சு" என்று சொல்லியிருந்தார். குழாயடியில் நான் பேசியது அதற்குப் பிறகு. என் 'ங்க' கல்லூரியிலிருந்து வந்ததா, அந்தச் சாப்பாட்டு மேசையிலிருந்து வந்ததா என்று எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. ஆனாலும் மாற்றிக்கொள்ளவில்லை. அவரும் முறைப்பதை நிறுத்தவில்லை. ஆனால் வீட்டுக்குள் உட்காரச் சொல்லும் அளவுக்கு நாளடைவில் பழகிவிட்டார்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இருந்தபோது பிராங்க் வந்தார். குனியமுத்தூரில் மனைவி ஜோஸ்லினோடு வாடகை வீட்டில் இருந்தவர். யாருடைய வண்டியையோ டாக்ஸி ஓட்டுகிறவர். "ம்மா, சோறு போடு" என்று கத்திக்கொண்டே நுழைவது அவர் வழக்கம். அன்று செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்தார். கையில் இனிப்புப் பெட்டி.

"சாப்பிட்டீங்களாம்மா?"

ஜெயக்கொடி கரண்டியைக் கீழே வைத்தார்.

"தனபால்கிட்ட எவ்வளவு வாங்குன?"

"என்னங்கம்மா..."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

பிராங்க் சுவரோரம் உட்கார்ந்தார். சட்டைப்பையிலிருந்து புதுச் சாவி ஒன்றை எடுத்துத் தரையில் வைத்தார். "சொந்த வண்டிம்மா. அட்வான்ஸ் வாங்கிப்போட்டேன். எத்தன வருசம் அடுத்தவன் வண்டிய ஓட்டறது? கேட்டா நீ சம்மதிக்க மாட்ட."

"இப்ப 'நீ'ங்கற. இதையே உள்ள வரப்பவே சொல்லியிருந்தீன்னா ஊட்டையே குடுத்திருப்பனே."

பெட்டியை யாரும் திறக்கவில்லை. நான் எழுந்து வந்துவிட்டேன்.

மகன் வாங்கிவிட்ட முன்பணத்துக்காக ஜெயக்கொடி விற்கச் சம்மதித்தார். மீதிப் பணத்தில் குனியமுத்தூரில் ஒரு ஃப்ளாட்; அது பிராங்க் பேரிலும் ஜோஸ்லின் பேரிலும். பத்திரப்பதிவு அன்று என்னைக் கூட வரச் சொன்னார். "யாரு எந்த நேரத்துல எப்படிப் பேசறாங்கன்னு பாத்துக்க" என்றார்.

அலுவலகத்தில் தனபால் அவருக்காக மின்விசிறிக்குக் கீழ் இடம் பிடித்தார். "இங்க உக்காருங்க. மோர் குடிங்க. ஒண்ணும் அவசரமில்லீங்க." கையெழுத்து, கைரேகை, புகைப்படம் எல்லாம் முடிந்தன. தனபால் பைக்குள் காகிதங்களை வைத்துக்கொண்டே, திரும்பாமல் சொன்னார்:

"ஜெயக்கொடி, சாவிய வாட்ச்மேன்கிட்டக் குடுத்துட்டுப் போயிரு."

ஜெயக்கொடி என்னைப் பார்த்தார். அவர் சந்தேகப்பட்டது சரியாகப் போனதில் ஒரு திருப்தி கூட முகத்தில் தெரிந்தது. "போட்டோ புடிக்கற வரைக்குந்தான், பாத்தியா?" என்றார் மெதுவாக.

வெளியே புது வண்டியில் பிராங்க் காத்திருந்தார். "வெயில்ல நிக்காத. நீ முன்னாடி ஏறும்மா."

அந்த 'நீ'யைக் கேட்டதும் ஜெயக்கொடியின் தோள் தளர்ந்தது. ஏறி உட்கார்ந்தார். பிராங்க் கதவைச் சாத்த வந்தபோது கையை நீட்டித் தடுத்து, என்னை அருகில் கூப்பிட்டார்.

"கண்ணு, என்ற பேருல இப்ப ஒண்ணுமே இல்ல. ஊடுமில்ல, சென்ட்டுமில்ல. அன்னைக்குக் கொழாயடில கேட்டியே, அதே மாதிரி இப்ப ஒருக்கா கேளு. 'ங்க' போட்டுக் கேளு."