மரங்களைத் தாண்டிய சைக்கிள்

நான் மலேசியாவில் பிறந்தவள். கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்தில், கல்வராயன் மலையடிவாரத்து ஊர் ஒன்றில் வாழ்க்கைப்பட்டேன். விசாவை நீட்டிக்க, அப்போதைய மாவட்டத் தலைநகரான கடலூருக்குப் போக வேண்டியிருந்தது.

"அஷ்டமி நவமில வெளியூரு போவாதம்மா, அப்பறம் போய்க்கலாம்" என்று மாமியார் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். புது மருமகள், நானும் தலையாட்டினேன். மறுநாள் கெடு முடியும் என்கிற நிலையில், இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் பஸ் எல்லாம் நின்றுவிட்டது.

சின்னசேலத்திலிருந்து கடலூருக்கு ரயில் ஓடுவதாகக் கேள்விப்பட்டு, கணவர் என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். சாலைக்கு வந்தோம். பெரிய பெரிய புளியமரங்கள், கண்ணுக்கெட்டிய தூரம்வரை குறுக்கே வெட்டிச் சாய்க்கப்பட்டுக் கிடந்தன. முதல் மரத்தருகே கோடரியோடு நின்றவர் மறித்தார்.

"எங்க போய்க்கினு இருக்கீங்க?"

"நாளைக்குள்ள விசாவுக்கு முத்திரை வாங்கலன்னா, இவள மலேசியாவுக்கே அனுப்பிடுவாங்கண்ணே" என்றார் கணவர்.

"நம்மூரு மருமவள எவன் அனுப்புறது?" என்றவர், சைக்கிளைத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தார். பிறகு கையை வாயில் குவித்துக் கூவினார்: "மருமவ வருது, கை குடுங்கப்பா!"

அந்தக் கூவல் மரத்துக்கு மரம் தாவி எங்களுக்கு முன்னால் ஓடியது. ஒவ்வொரு மரத்தருகிலும் சைக்கிளைத் தூக்க ஆட்கள் காத்திருந்தார்கள்.

மறுநாள் முத்திரை விழுந்தது.

இப்போதெல்லாம் கெடுவுக்கு வெகுநாள் முன்பே கிளம்பிவிடுகிறேன். நாள் பார்ப்பதில்லை. போன முறை புறப்பட்டது சரியான ராகு காலம். வாசல்வரை வந்து வழியனுப்பியவர் மாமியார்தான்.