மழைக்கு முன் அடித்த பூச்சு

பட்டாளத்தில் லாரி ஓட்டிய சேதுபதிக்குச் சிறுநீரகம் செயலிழந்தபின், வன்னியம்பட்டி வீட்டின் பின்னறையே ஆஸ்பத்திரியானது. வயிற்றில் பொருத்திய குழாய் வழியாக மருந்துநீரை ஏற்றி இறக்கும் டயாலிசிஸை மனைவி வெள்ளத்தாய்தான் செய்துவிடுவார். போன அடைமழையில் அந்த அறையின் கூரை ஒழுகிப் பூஞ்சை பிடித்தது. வயிற்றில் தொற்று ஏறி, சேதுபதி பிழைத்ததே பெரிதாகிவிட்டது. ஈரமான அறையில் இனி இதைச் செய்யவே கூடாது என்று டாக்டர் கண்டித்தார்.

இந்த ஐப்பசியில் கொத்தனார் சந்தனம் மொட்டைமாடியின் விரிசல்களைக் கொத்தி அடைத்து, வாட்டர் புரூஃப் பூச்சு அடித்தார். அது காய்ந்த மறுநாளே செண்பகத்தோப்புப் பக்கம் மலை கறுத்தது.

"மாடியில தண்ணி தேக்கி, ஒழுகுதான்னு பாக்கவே இல்லையே அண்ணே, தாங்குமா?" என்றார் வெள்ளத்தாய்.

"நல்லாத்தான் அடிச்சிருக்கேன் தாயி. இனி மழைதான் சொல்லணும்."

மருந்து ஏற்றும் வேளையில் மழை பிடித்துக்கொண்டது. வெள்ளத்தாய் கைகழுவி, முகமூடி கட்டி, குழாயைத் திறந்தார். தலைக்குமேல் தளம் அதிர அடித்தது மழை.

"ஏட்டி, மேல என்ன பார்வை? குழாயப் பாரு" என்றார் சேதுபதி. அவர் கண்ணும் போன வருஷம் ஒழுகிய மூலையிலேயே இருந்தது.

மருந்துநீர்ப் பை காலியானது. குழாயை மூடிவிட்டு, வெள்ளத்தாய் ஸ்டூலில் ஏறி அந்த மூலையை உள்ளங்கையால் அழுத்தித் தடவினார்.

"பொட்டு ஈரம் இல்லைங்க."

சேதுபதி சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

அந்த மழைக்காலம் முழுக்க அவருக்குக் காய்ச்சல்கூட வரவில்லை.