யார் முதலில் ஹலோ சொல்வது

1. ரேடியோ ஸ்டேஷனா இது?

எழுபதுகளின் நடுவில், கும்மிடிப்பூண்டிக்கு வெளியே இருந்த ஓர் இரும்பு வார்ப்பட ஆலையில் டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். மெட்ராஸில் பி.ஏ. முடித்த திமிர் தலை நிறைய இருந்தது. மீஞ்சூரில் எங்கள் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண் நான்தான். அதை யாரும் மறந்துவிடாமல் பார்த்துக்கொண்டேன்.

டெலிபோன் போர்டு என்பது ஒரு மரப்பெட்டி. ஆலைக்குள் எந்த அறையில் போனை எடுத்தாலும் அந்த அறையின் எண்ணுக்கு மேல் ஒரு சின்னத் தகடு டக்கென்று விழும். அதற்கு ஷட்டர் என்று பெயர். கார்டு என்கிற ஒயரின் ஒரு முனையை அங்கே குத்தி, யார் வேண்டும் என்று கேட்டு, மறுமுனையை அவருடைய ஓட்டையில் குத்த வேண்டும். இவ்வளவுதானே வேலை என்று நினைத்தேன்.

முதல் நாள், முதல் ஷட்டர் விழுந்தது. குத்தினேன். கல்லூரி மேடையில் பேசிய அதே ஆங்கிலத்தில் காலை வணக்கம் சொல்லி, எப்படி உதவலாம் என்று இழுத்தேன்.

"இன்னாம்மா இது, ரேடியோ ஸ்டேஷனா?" என்றது ஒரு கரகரத்த குரல். "நான் பர்னஸ் தேவராஜ். டீ இன்னும் வர்ல. கேன்டீனுக்குப் போடு."

இரும்பு உருக்கும் மின் உலையைத்தான் எல்லோரும் பர்னஸ் என்பார்கள். ஆலைக்கு இருந்தது ஒரே ஒரு பர்னஸ். அதை ஓட்டும் தேவராஜுக்கு வாய் அதைவிடச் சூடு.

அடுத்து வெளியிலிருந்து பழைய இரும்பு வியாபாரி ஒருவர் கூப்பிட்டார். என் ஆங்கிலத்தைக் கேட்டுவிட்டு இரண்டு முறை போனை வைத்துவிட்டார். மூன்றாம் முறை, "எம்மா, நீ இங்கிலீஷ்ல கேட்டா நான் வெலைய கொறைப்பேன்னு யாராச்சும் சொன்னாங்களா?" என்றார்.

முதல் சம்பளம் வாங்குவதற்குள் என்னிடம் நாலைந்து குரல்கள் சேர்ந்துவிட்டன. பம்பாய் கம்பெனிகளுக்கு ஒரு குரல். வெளியூருக்கு டிரங்க் கால் புக் செய்ய, டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் அக்காவிடம், "அக்கா, ஒரு மெட்ராஸ் சீக்கிரம் போட்டுக் குடுங்கக்கா" என்று ஒரு குரல். தேவராஜுக்கு, "டீ வந்துக்கினே இருக்குது, கத்தாதே" என்று ஒரு குரல். தபால் ஆபீஸிலிருந்து கூப்பிடும் தொழிலாளர் வீட்டுப் பெண்களுக்கு மட்டும் தனிக் குரல். போனை வாழ்க்கையில் முதல் முறை பிடிப்பவர்கள் அவர்கள். பயத்தில் பேச்சே வராது. "சொல்லும்மா, நான் கேட்டுக்கினுதான் கீறேன். மெதுவா சொல்லு" என்பேன். எங்கள் தெருப் பேச்சைக் கல்லூரியில் ஒளித்து வைத்திருந்தேன். சம்பளம் வாங்கித் தந்தது அந்தப் பேச்சுதான்.

2. பெரிய மனிதர் காத்திருக்க மாட்டார்

இன்று அவரவர் போனை அவரவர் எடுத்துப் பேசுகிறார்கள். அன்றைய ஆபீஸ்களில் ஒரு சட்டம் இருந்தது. எங்கும் எழுதி வைக்கவில்லை, ஆனால் மீறினால் திட்டு விழும். பெரிய மனிதர் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. சின்னவர் முதலில் லைனுக்கு வர வேண்டும். அவர் வந்து, 'ஹலோ' சொல்லி, காத்திருக்க வேண்டும். அப்புறம்தான் பெரியவருக்கு இணைப்பு. சரக்கு வாங்குகிற கம்பெனிக்காரர் கூப்பிட்டால் எங்கள் மேனேஜர் முதலில். பழைய இரும்புக்காரர் கூப்பிட்டால் அவர் முதலில். யார் யாருக்குப் பெரியவர் என்று ஆபரேட்டர் தூக்கத்திலும் சொல்ல வேண்டும்.

ஒரே ஓர் இடத்தில் இந்தக் கணக்கு எனக்கு உதைத்தது. பக்கத்து ஊர் மின்சார ஆபீஸ். அங்கே உதவிப் பொறியாளர் தணிகாசலம். ஏ.இ. என்போம். ஆர்.கே.பேட்டைப் பக்கத்து ஆள். இங்கே எங்கள் ஒர்க்ஸ் மேனேஜர் நாச்சிமுத்து. கோயம்புத்தூர்க்காரர். கோபம் வந்தாலும் 'ங்க' போட்டுத்தான் கோபப்படுவார். ஸ்டெல்லாவாகிய நான் அவருக்கு எப்போதும் மிஸ் ஸ்டெல்லா. அம்மா, பொண்ணு என்றெல்லாம் கூப்பிட மாட்டார்.

ஒருமுறை ஏ.இ. அவரை லைனில் நிறுத்தி வைத்துவிட்டு யாரிடமோ பேசப் போய்விட்டார். நாச்சிமுத்து சார் ரிசீவரை வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"மிஸ் ஸ்டெல்லா, இனி அந்த ஏ.இ. மொதல்ல லைனுக்கு வரட்டுமுங்க. அப்புறம் நான் வர்றேனுங்க."

ஏ.இ.யும் தன் ஆபீஸில் இதையே சொல்லிவிட்டாராம். எனக்கு இதைச் சொன்னது கன்னியப்பன். அந்த ஆபீஸில் போன் எடுப்பவர். அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை. குரல்தான் பழக்கம். "இன்னா ஸ்டெல்லா, நாஷ்டா ஆச்சா?" என்று ஆரம்பித்தால் ஏ.இ. சீட்டில் இல்லை என்று அர்த்தம். "வணக்கம், சொல்லுங்கள்" என்று ஆரம்பித்தால் ஏ.இ. எதிரே உட்கார்ந்திருக்கிறார். இதை நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை. தானாக அமைந்தது.

"இந்தப் பேஜாரு எத்தினி நாளைக்கு?" என்பார் கன்னியப்பன். "ரெண்டு பேரும் கல்யாண மாப்பிள மாதிரி முறுக்கிக்கினு கீறாங்க. நடுவுல நாம பிராணன உடணுமா?"

சில்லறை வேலைகளை நானும் அவரும் பேசியே முடித்துவிடுவோம். பெரியவர்கள் பேசாமலேயே பல மாதம் ஓடியது.

3. பர்னஸில் பாதி உருகிய இரும்பு

அந்த வருடங்களில் மின்வெட்டு கடுமை. மாலை ஆறு மணிக்கு ஆலைகளுக்கு மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். தேவராஜ் அதற்கு முன்னால் உருக்கி ஊற்றிவிடுவார். ஆனால் ஒருநாள் மத்தியானம் லைன் பழுதாகி வெகுநேரம் கரண்ட் இல்லை. வந்த பிறகு உலையைப் போட்டார். ஐந்தரைக்கு இரும்பு பாதிதான் உருகியிருந்தது.

தேவராஜ் என் அறைக்கே ஓடி வந்தார். முகமெல்லாம் கரி.

"எம்மா, ஆறு மணிக்குக் கரண்ட எடுத்தான்னா மாலு உள்ளயே ஒறைஞ்சிடும். அப்பறம் பர்னஸையே ஒடச்சித்தான் எடுக்கணும். மாசக் கணக்குல ஆவும். கேஷுவல் பசங்க அத்தினி பேரும் ஊட்டுக்குத்தான்."

தினக்கூலிக்கு வரும் கேஷுவல் பையன்களில் பாதிப் பேர் பழவேற்காட்டுப் பக்கம். மீன் படாத காலத்தில் இந்தக் கூலிதான் அவர்கள் வீட்டு அடுப்பு. நானே அப்போது தற்காலிகம்தான். ஆலை படுத்தால் ஆபரேட்டர் எதற்கு?

நாச்சிமுத்து சாருக்குப் போட்டேன். "சார், ஏ.இ.கிட்ட நீங்க பேசினாத்தான் நடக்கும்."

"பேசறேனுங்க. அவரு லைனுக்கு வந்ததும் சொல்லுங்க."

மின்சார ஆபீஸுக்குப் போட்டேன். "வணக்கம், சொல்லுங்கள்" என்றார் கன்னியப்பன். ஏ.இ. எதிரேதான் இருக்கிறார். விஷயத்தைச் சொன்னேன். அவர் ரிசீவரைப் பொத்திக்கொண்டு கேட்டார். திரும்பி வந்து, "உங்கள் மேலாளர் லைனுக்கு வந்ததும் ஐயா பேசுவார்களாம்" என்றார். பிறகு அடிக்குரலில், "இன்னா ஸ்டெல்லா பண்றது?"

"ரெண்டு பேருகிட்டயும், அவரு லைன்ல கீறாருன்னு சொல்லிடுவோம். ஒரே நேரத்துல."

"மாட்டிக்கினா?"

"மாட்டிக்கினா நானும் நீயும் சேந்து வேர்க்கல்ல விக்கலாம். சொல்லு."

சொன்னோம். இரண்டு பேரும் ரிசீவரை எடுத்தார்கள். கார்டைக் குத்திவிட்டு ஹெட்செட்டில் கேட்டேன்.

ஒரு சத்தமும் இல்லை.

இரண்டு பேரும் லைனில் இருந்தார்கள். மூச்சு கேட்டது. யாரும் 'ஹலோ' சொல்லவில்லை. முதலில் 'ஹலோ' சொன்னால் சின்னவன் ஆகிவிடுவோமே! இணைத்த லைனில் ஆபரேட்டர் வாயைத் திறக்கக் கூடாது. சுவர்க் கடிகாரம் ஆறை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ஒருவர் தொண்டையைச் செருமினார். மற்றவரும் செருமினார். அதோடு சரி.

அந்த நேரம் பர்னஸ் ஷட்டர் விழுந்தது. தேவராஜ்.

தனியாக எடுத்து, 'இரு' என்று சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. பர்னஸில் இன்னொரு கார்டைக் குத்தினேன். இரண்டு கார்டுகளின் கீயையும், அதாவது சுவிட்சையும், ஒன்றாகத் தள்ளினால் எல்லோர் குரலும் எல்லோருக்கும் கேட்கும். செய்யவே கூடாது என்று சொல்லித்தந்த காரியம் அது. தள்ளினேன்.

"எம்மா ஸ்டெல்லா!" பர்னஸ் இரைச்சலுக்கு மேல் தேவராஜ் கத்தினார். "அந்த ரெண்டு பெரிய மனுசனும் பேசிட்டாங்களா, இல்ல இன்னும் யாரு மொதல்லன்னு ராட்டினம் சுத்திக்கினு கீறாங்களா? இங்க பசங்க என் மூஞ்சியவே பாத்துக்கினு நிக்கறானுங்கம்மா. நான் இன்னா சொல்லட்டும்? கௌரவம் பாக்கறாங்க, நாளைக்கு சோத்துக்குப் பாத்துக்கோங்கடான்னா?"

லைனில் இன்னொரு குரல் வந்தது. ஆபீஸ் தமிழ் இல்லை. ஆர்.கே.பேட்டைத் தமிழ்.

"யாருப்பா அது?"

"பர்னஸ் தேவராஜு. நீ யாரு?"

"நான்தாம்பா ஏ.இ. எவ்ளோ நேரம் ஓணும் உனக்கு?"

"நைனா... அரை மணி. கூட கொஞ்சம் ஆனாலும் ஆவும். ஊத்தி முடிச்சதும் நானே சுச்சிய ஆப் பண்ணிடறேன். எம் மேல சத்தியம்."

"சத்தியம்லாம் ஓணாம். ஊத்தற வரிக்கும் நான் எடுக்க மாட்டேன், போ. ஆனா ஒங்க மேனேஜரு ஒரு வார்த்த கேக்கணும்பா. நாளைக்கு மேல இருக்கறவன் என்னியதான் கேப்பான்."

தேவராஜ் போனை வைத்துவிட்டு உலைக்கு ஓடிவிட்டார். என் விரல் கீயின் மேலேயே இருந்தது.

"நானும் லைன்லதானுங்க இருக்கேன்" என்றார் நாச்சிமுத்து சார்.

"தெரியும் சார். மூச்சு கேட்டுச்சி."

"வணக்கமுங்க. ஒரு அரை மணி நேரம் குடுத்தீங்கன்னா பெரிய உதவியா இருக்குமுங்க."

"எடுத்துக்கோங்க சார். வணக்கம்."

ஆறு தாண்டியது. விளக்கு அணையவில்லை. இருட்டும் நேரத்தில் ஜன்னல் வழியே பார்த்தேன். வார்ப்புக் கூடத்தின் கூரையெல்லாம் ஆரஞ்சாக எரிந்தது. ஊற்றிவிட்டார்கள். பையன்கள் போட்ட விசில் என் அறை வரை வந்தது.

விசில் அடங்குவதற்குள் நாச்சிமுத்து சார் என் வாசலில் நின்றார். எழுந்து நின்றேன்.

"அந்த பர்னஸ் லைன் தானா சேந்துச்சா, நீ சேத்துனயா?" 'ங்க'வைக் காணோம்.

"நான்தான் சார் சேர்த்தேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லீட்டுச் சேத்தக்கூடாதா?"

"சொல்லியிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பீங்க சார்."

வாய் முந்திக்கொண்டது. வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் போர்டைப் பார்த்தார்.

"சொல்லித்தான் இருப்பேன்" என்றார். "நாங்க ரெண்டு பேரும் மொதல்ல இருந்தே கேட்டுட்டு இருந்தது தேவராஜுக்குத் தெரிய வேண்டாம், அம்மிணி. பாவம், சங்கடப்படுவாரு."

போய்விட்டார். மிஸ் ஸ்டெல்லா அன்றோடு காணாமல் போனாள். அங்கே இருந்த வரைக்கும் அம்மிணிதான்.

தேவராஜிடம் சொல்லாமல் இருக்க என்னால் முடியுமா? மறுநாள் காலை கேட் திறந்து பையன்கள் எல்லோரும் உள்ளே போன பிறகு சொன்னேன். தலையில் கை வைத்து வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ, பெரிய மனுசன், ராட்டினம், அதெல்லாம் ரெண்டு பேரும் கேட்டுக்கினு இருந்தாங்களா?"

"ஒரு வார்த்தை உடாம."

"அடிப்பாவி! எந்தலைய உருட்டிட்டியே!" என்றவர், கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரொம்பக் கத்திட்டேனா?" என்றார்.

பின்னாளில் புதிதாக வந்த பெண்களுக்கு நான் போர்டு சொல்லித்தந்தேன். யாரிடம் ஆங்கிலம், யாரிடம் அக்கா, யாரிடம் சத்தமாக, யாரிடம் மெதுவாக என்பதெல்லாம் அவர்களே ஒரு மாதத்தில் கற்றுக்கொள்வார்கள். நான் ஒன்றே ஒன்றைத்தான் சொல்வேன். லைனில் இரண்டு பெரிய மனிதர்கள் பேசாமல் இருந்தால் நடுவில் புகுந்து நீ பேசாதே. அந்த வேலை யாருக்கு நடந்தே ஆக வேண்டுமோ, அவனைத் தேடிப் பிடித்து லைனில் போடு. யார் பெரியவர் என்று பார்த்துக்கொண்டிருக்க அவனுக்கு நேரம் இருக்காது.