மதிலோரத்து நந்தியாவட்டை

என் கணவர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற கையோடு தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்தார். பிறகு எழும்பவேயில்லை. பம்பலப்பிட்டிக் கந்தோரில் வேலை செய்த காலத்தில் ஒரு நிமிடம் வாய் மூடாத மனிதர், இப்போது சிநேகிதர்கள் போனில் அழைத்தாலும் பிறகு கதைப்பதாகச் சொல்லி வைத்துவிடுவார். இப்படியே பேச்சை மறந்துவிடுவாரோ என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

எங்கள் வெள்ளவத்தை வீட்டுக்கு முன்னால், ஆட்கள் போய்வரும் ஒழுங்கையை ஒட்டி, ஒரு துண்டு நிலம் சும்மா கிடந்தது. அதைக் கூரையில்லாத ஒரு அறையாக்கி இவரை வெளியே இழுப்பது என் திட்டம். புல் வேண்டாம், வெட்டுவதற்கு ஆளில்லை. தரைக்குச் சரளைக்கல் பரப்பினேன். மூலையில், மறந்துபோனாலும் கோபிக்காத கற்றாழை. போகிறவர்கள் பார்வை விழாமலிருக்க மதிலோரம் நந்தியாவட்டை. கடற்காற்றையும் என் சோம்பலையும் அது தாங்கும். உட்கார இரண்டு கதிரைகளும் போட்டேன். அவர் ஜன்னலால் எட்டிப் பார்த்து வடிவாயிருக்கிறது என்றார். திரும்பிப் போய் உட்கார்ந்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது.

நந்தியாவட்டை மதிலுக்கு மேலே வளர்ந்து பூத்தது. வெள்ளவத்தையில் மதிலோரம் பூசைப்பூ வைப்பது ஊருக்கே அழைப்பு அனுப்புவதுதான். சாமிக்குப் பிடுங்குவதை இங்கே யாரும் களவென்று சொல்வதில்லை. விடிந்து பார்த்தால் வெறும் இலை. இதை அவரிடம் கொஞ்சம் உப்புப் புளி சேர்த்தே முறையிட்டேன். தன் வளவில் கைவைத்தது யாரென்று மனிதருக்கு ரோசம் வந்துவிட்டது. மறுநாள் விடியும்போதே கதிரையில் காவலிருந்தார்.

அகப்பட்டவர் எதிர் மாடிவீட்டுப் பெரியவர். குடைக்காம்பால் கிளையை வளைத்துக்கொண்டிருந்தார். சண்டை வரப்போகிறதென்று நான் வாசலுக்கு ஓடினேன்.

"ஐயா, கொப்பு முறிஞ்சுபோம். உள்ளுக்கு வந்து ஆறுதலாப் பிடுங்குங்கோ" என்றார் இவர்.

உள்ளே வந்தவர் பூவைப் பிடுங்கிவிட்டுப் போகவில்லை. தண்ணீர் வெட்டில் தொடங்கிய கதை ரயில் தாமதம் வரைக்கும் போனது. அடுத்த நாளும் வந்தார். பிறகு கோயிலுக்குப் போகும் அடுத்த ஒழுங்கைத் தம்பதியும் சேர்ந்துகொண்டார்கள். சாமிக்கு எத்தனை பூ மிஞ்சியதோ தெரியாது.

ஒருநாள் தேநீர்த் தட்டோடு போனேன். பெரியவர் ஒரு கதிரையில், அந்த அம்மா மற்றதில். அவருடைய கணவரும் இவரும் வாசற்படியில் நெருக்கியடித்து உட்கார்ந்து, யாருடைய பேச்சு முதலில் என்று போட்டி போட்டுக்கொண்டிருந்தார்கள். இவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இஞ்சரும், இன்னும் ரெண்டு கதிரை வாங்குவமே?"

ஓம் என்றேன். தட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு, வாசற்படியில் எனக்கும் கொஞ்சம் இடம் விடச் சொன்னேன்.